எங்கண்ணன் பாபீன்

பாபீன் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது, கல்யாணமாகிக் கடலோர ஊரான நாக்பானுக்கு வந்த மறுநாள் காலையில். மாமியார் அடுப்பில், எரிப்பதற்காகச் சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த கட்டிகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்:

"எங்கண்ணன் பாபீன் வீட்டுக்குப் போயி ஒரு டஜன் முட்டை வாங்கிட்டு வா. பழுப்பு முட்டையாப் பார்த்து வாங்கு."

நான் மலைப்பக்கத்துப் பெண். கடற்கரைக்காரர்களின் உறவுமுறை எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. மாமியாருக்கு ஓர் அண்ணன் இருப்பதாக யாரும் என்னிடம் சொன்னதில்லை, கல்யாணத்திலும் அப்படி யாரையும் பார்த்ததாக நினைவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் பெயரோடு அவருடைய தகப்பன் பெயரையோ தாய் பெயரையோ சேர்த்துச் சொல்வதுதான் வழக்கம். குடும்பப்பெயரெல்லாம் பாதிரியாருக்கும் போலீசுக்கும் மட்டும்தான். ஆகவே பாபீன் என்பவள் மாமியாருடைய அண்ணன் மகள், ஏதோ மனஸ்தாபத்தில் கல்யாணத்துக்கு வரவில்லை என்று நானாகக் கணக்குப் போட்டுக்கொண்டேன். புது மருமகள் அல்லவா, அந்த மனஸ்தாபத்தைத் தீர்த்துவைக்கிற பெருமை எனக்கே கிடைக்கட்டும் என்று நல்ல சால்வையைப் போர்த்திக்கொண்டு கிளம்பினேன்.

வாசலில் ஒருவர் இறால் பிடிக்கும் கூடு பின்னிக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, சௌக்கியமா இருக்கீங்களா? கல்யாணத்துக்கு நீங்க வராதது எங்களுக்கெல்லாம் பெரிய குறை. என்ன கோவம் இருந்தாலும் மனசுல வெச்சுக்காதீங்க."

அவர் என்னையே பார்த்தார். உள்ளே அடுப்பருகே இருந்த அம்மாள் எழுந்து வந்து பார்த்தார். மடியில் முட்டைகளை ஏந்தி நின்ற பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி சிரித்த சிரிப்பில் ஒரு முட்டை நழுவி விழுந்து உடைந்தது.

"இவரு உங்க மாமியாரோட அண்ணன் இல்லக்கா," என்றாள் அந்தப் பெண். "'எங்கண்ணன்'ங்கறது எங்க வீட்டுப் பட்டப்பேரு. எங்கம்மா எப்பவும் 'எங்கண்ணன், எங்கண்ணன்'னு சொல்றது அவங்க அண்ணனை. எழுத்தாளர் ரூரி கூலான் இருக்காரே, அவருதான். ஊர்ல ஒருத்தரும் நம்பறதில்ல. அதான் இப்படிக் கூப்பிடறாங்க."

"நம்பாட்டிப் போகட்டும்," என்றார் இறால்கூடு பின்னியவர். அவர் மைக்கில், முட்டையை உடைத்த அந்தப் பாபீனின் அப்பா. "இந்த ஊர்ல என்னை மாமான்னு கூப்பிட்ட மொத ஆளு இந்தப் பொண்ணுதான். முட்டையை எண்ணும்போது ஒண்ணு கூடப் போடு."

அன்றிலிருந்து நானும் பாபீனும் தோழிகள்.

ரூரி கூலானைப் பற்றி இங்கே யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பிள்ளைகள் எழுத்துக்கூட்டப் பழகுவதே அவருடைய கதைகளில்தான். விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் இனிஷ்தோர் தீவில் பிறந்து, பதினைந்து வயதில் தீவை விட்டுப் போய், டப்ளினில் புகழோடு வாழ்ந்து, எனக்குக் கல்யாணம் ஆவதற்கு நாலைந்து வருடங்களுக்கு முன்பே இறந்துபோனவர்.

பாபீனின் அம்மா ஊனா சொன்ன கதை இதுதான். அவரும் ரூரியும் கூடப்பிறந்தவர்கள். ஊனாவுக்கு மூன்று வயதானபோது, பிள்ளையில்லாத சித்தி சீலியா வீட்டுக்கு அவரைத் தோணியில் ஏற்றி நாக்பானுக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் குளிர் ஏறாமலிருக்க, தோணித்துறையில் ரூரி ஓர் அவித்த முட்டையைச் சூட்டோடு கொடுத்தான். வந்து சேரும்வரை ஊனா அதைத் தின்னவில்லை. சீலியாவின் கணவர் பார்ட்லி கன்னீலி அந்தக் குழந்தையைத் தோளில் தூக்கிய நாளிலிருந்து, கேட்டவர்களிடமெல்லாம் "என் மக" என்றார். சீலியாவைக் கேட்டால் அடுப்பைக் கிண்டப் போய்விடுவார். அவர்கள் காலமும் முடிந்தது, தோணியில் கொண்டுவந்தவர்கள் காலமும் முடிந்தது. தீவில் இருந்த மற்ற பையன்கள் பாஸ்டனுக்குப் போய்விட்டார்கள். ஞானஸ்நானப் பதிவு எதையும் காட்ட வழியில்லை. தீவுக் கோயிலின் கூரை ஒழுகி அந்தப் புத்தகம் உப்புக்காற்றில் கூழாகிப்போனது. போதாக்குறைக்கு ரூரி தன் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டார்: 'வீட்டில் நாங்கள் ஐந்து பையன்கள்.'

பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் அந்த வரி மனப்பாடம். பிறகு ஊனாவை யார் நம்புவார்கள்?

ஒருமுறை ரூரி நகரத்துக்குப் பேச வந்தபோது ஊனா போயிருந்தார். மண்டபத்தில் கூட்டம். கடைசி வரிசையில் நின்று பார்த்துவிட்டு, பேசக் கூச்சப்பட்டுத் திரும்பிவிட்டார். "மூஞ்சி சரியாத் தெரியல," என்று என்னிடம் சொன்னார். "காது தெரிஞ்சுது. எங்கப்பா காது. அது போதும்னு வந்துட்டேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நாக்பானில் அவர் சிரித்த அளவுக்கு யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். பாபீனுக்கு அந்தச் சிரிப்பு அப்படியே வந்திருந்தது.

பாபீன் சில வருடங்கள் மான்செஸ்டரில் ஒரு ஹோட்டலில் துணி வெளுத்தாள். "அங்க எல்லாரும் தாள்ல இருக்கற இங்கிலீஷ் பேரைச் சொல்லி என்னை பார்பரான்னு கூப்பிட்டாங்க டெலியாக்கா, யாரைக் கூப்பிடறாங்கன்னு நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்" என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்தாள். இறால் பிடிக்கிற கோலினைக் கட்டிக்கொண்டாள். கோலின் நாளைக்குப் பத்து வார்த்தை பேசுவான், மீதி எல்லாவற்றையும் அவளே பேசினாள். இரண்டு மகள்கள். பிறகு பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் வேலை கிடைத்தது. முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டினாள். எங்கள் ஊரில் இன்று முப்பது, நாற்பது வயதில் இருக்கிற எல்லோரும் அவள் பேருந்தில் போய்ப் படித்தவர்கள்தான்.

அந்தப் பேருந்தில் அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பள்ளி வாசலில் நிறுத்தியதும் எழுந்து நின்று, சுட்டுவிரலை நீட்டி, தலைகளை எண்ணுவாள். எண்ணிக்கை சரியாக வந்தால்தான் கதவு திறக்கும். ஒரு நாள் ஒன்று குறைந்தது. தலைமையாசிரியை "யாராவது காய்ச்சலில் படுத்திருப்பார்கள்" என்றார். பாபீன் எல்லாப் பிள்ளைகளோடும் வண்டியைத் திருப்பி எட்டு மைல் போனாள். மலையடி வீட்டு வாசலில் ஒரு குட்டிப்பெண் ஒற்றைச் செருப்போடு நின்று, ஆட்டுக்குட்டி கவ்விக்கொண்டு போன இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். அந்தச் செருப்பையும் கண்டுபிடித்து மாட்டிவிட்ட பிறகுதான் வண்டி கிளம்பியது. அன்று முழுப் பள்ளிக்கூடமும் பத்தரை மணிக்குத்தான் தொடங்கியது.

ஊனா எழுபத்தாறு வயதில் இறந்தார். எங்கள் ஊரில் பெண்ணுக்கு எத்தனை வருடம் கல்யாணமாகியிருந்தாலும், கல்லறைக் கல்லில் அவள் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரைத்தான் வெட்டுவார்கள். கல் வெட்டுகிறவர் கேட்டார்: "என்ன பேரு போடட்டும்? கன்னீலின்னுதானே?"

பாபீன் அந்தக் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கன்னீலி என்று போட்டால் அம்மா பொய்க்காரி என்று அவளே கல்லில் எழுதி ஒப்புக்கொண்டதாகிவிடும். கூலான் என்று போட்டால் ஊரே கல்லறைத் தோட்டத்தில் நின்று சிரிக்கும். கடைசியில், "ஊனான்னு மட்டும் வெட்டுங்க. பக்கத்துல எடம் விட்டு வைங்க," என்றாள்.

அந்த இடம் அப்படியே இருந்தது. அதில் பாசி வளர்ந்தது. வருடாவருடம் கல்லறைத் திருநாளுக்கு முன் பாபீன் போய்ப் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு வருவாள். வேறு எதற்கும் அவள் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. அந்தக் காலி இடத்தைத் தேய்க்கும்போது மட்டும் பேசமாட்டாள்.

ஊரில் முக்கியக் கேலிக்காரன் ஃபெஸ்டி. அவன் கடையில் முன்பக்கம் மளிகை, பின்பக்கம் பீர். பாபீன் உள்ளே நுழையும்போதெல்லாம் தராசிலிருந்து தலை தூக்காமலே கேட்பான்:

"வா பாபீன். அண்ணன் சௌக்கியமா?"

"சௌக்கியம். உன் பீர்ல தண்ணி கலக்கறத கொஞ்சம் கொறைச்சுக்கச் சொன்னாரு."

முப்பது வருடமாக இதே கேள்வி. பதில் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். சில பேர் அந்தப் பதிலைக் கேட்பதற்காகவே கடைக்கு வருவார்கள்.

இப்படி இருக்கையில், ரூரி கூலானுக்குத் தீவின் தோணித்துறையில் நினைவுக்கல் வைக்க முடிவு செய்தார்கள். ஏற்பாடெல்லாம் தீவுப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற தியர்மிட் மாஸ்டர். விருந்தாளிகளை நகரத்திலிருந்து துறைக்கு ஏற்றி வரப் பேருந்து பேசுவதற்காக, மழை ஊற்றிய ஒரு மதியம் ஃபெஸ்டி கடையில் பாபீனைச் சந்தித்தார். நான் தேயிலை வாங்க வந்து மழைக்கு ஒதுங்கியிருந்தேன்.

பேருந்துப் பேச்சு முடிந்ததும் பாபீன் கேட்டாள்: "திரைய யாரு இழுக்கப் போறா மாஸ்டர்? குடும்பத்து ஆளு யாராவது வராங்களா?"

"பாஸ்டனுக்குச் சொல்லி அனுப்பினோம். வர முடியலையாம். இந்த நாட்டுல யாரும் மிச்சமில்ல."

"நான் இருக்கேனே."

மாஸ்டர் நல்ல மனிதர். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "உங்கம்மா சொன்னதெல்லாம் நானும் கேள்விப்பட்டிருக்கேன் பாபீன். மனசாரச் சொல்றேன், எனக்கும் ஆசைதான். ஆனா அவரே எழுதிட்டாரே, அஞ்சு பையன்கன்னு. சர்க்கார் கணக்கும் அதையேதான் சொல்லுது. நீங்களே பாருங்க." பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். விழாவில் வைக்கக் கண்ணாடிச் சட்டம் போடுவதற்காக எடுத்து வந்த நகல். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொண்ணுல போலீஸ்காரங்க வீடுவீடாப் போயி எடுத்த ஜனத்தொகைக் கணக்கு. இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்ல வந்துடுச்சு. இது அவங்க வீட்டுத் தாள்."

கடையிலிருந்த எல்லோரும் சுற்றி நின்றோம். மாஸ்டர் வாசித்தார். தொமாஸ் கூலான், குடும்பத் தலைவர், படிக்கத் தெரியாது. நோரா, மனைவி. பிறகு மகன், மகன், ரூரி மகன் வயது ஒன்பது, மகன், மகன்.

"அஞ்சு தலை," என்றான் ஃபெஸ்டி. "அஞ்சும் ஆம்பளத் தலை. என்ன பாபீன், அண்ணன் சௌக்கியமா?"

பாபீன் தாளின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்கினாள். பிறகு விரல் பக்கவாட்டில் போனது.

"அம்மாக்காரி வரியில மட்டும் ஓரத்துல என்னவோ எண்ணு இருக்கே?"

"அது கல்யாணமான பொம்பளைங்களுக்கு மட்டும் கேட்ட கேள்வி. கல்யாணமாகி எத்தனை வருஷம், எத்தனை புள்ள பொறந்துது, எத்தனை உசுரோட இருக்கு." மாஸ்டர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். "கல்யாணமாகிப் பதிமூணு வருஷம். பொறந்தது ஏழு. இருக்கறது ஆறு."

பாபீன் எழுந்து நின்றாள். பேருந்தில் நீட்டுகிற அதே சுட்டுவிரலை நீட்டி, தாளிலிருந்த தலைகளை எண்ணினாள். ஒரு முறை. மறுபடியும் ஒரு முறை.

"ஆறுல அஞ்சுதான் ஏறிருக்கு மாஸ்டர்," என்றாள். "ஒண்ணு இன்னும் வாசல்ல நிக்குது."

"அது அமெரிக்கா போயிருக்கும்," என்றான் ஃபெஸ்டி.

"மூத்தவனுக்கே பன்னெண்டு வயசு. அவனுக்கும் கீழ உள்ளது எந்த அமெரிக்காவுக்குடா போகும்? தொட்டில்லயா?"

மாஸ்டர் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தார். "இத்தனை வருஷமா இதைப் பார்த்துக்கிட்டிருக்கேன். ரூரி பேரைத்தான் பார்த்தேனே ஒழிய ஓரத்தைப் பார்க்கலயே," என்று சிரித்தார். உடனே மடிக்கணினியை ஃபெஸ்டியின் தராசுக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்தார். "நாக்பான் தாளையெல்லாம் பார்த்துடுவோம்."

முதலில் ஒன்றும் கிடைக்கவில்லை. நாக்பானில் ஊனா என்ற பெயரில் குழந்தையே இல்லை. பார்ட்லி கன்னீலி என்று ஒருவர் இருந்தார், ஆனால் அவருக்கு வயது எழுபத்தொன்று.

"அது வேற பார்ட்லி," என்றார் மாஸ்டர். "பத்து வருஷத்துக்கு முந்தின கணக்குல உங்க பார்ட்லிக்கு நாப்பத்தொண்ணு."

பாபீன் திரையை எட்டிப் பார்த்தாள். "அவரு பக்கத்து வீட்டுத் தாள் யாரோடது?"

"அதுவா... ஃபெஸ்டி, உங்க தாத்தா போலிருக்கு. வயசு எழுபத்திரண்டு."

"எங்க தாத்தாவா?" ஃபெஸ்டிக்குக் குழப்பம். "அவருக்கு அப்ப அம்பதுகூட ஆகலையே. எங்கப்பாவே பொறக்கல."

மாஸ்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்புக்கு நடுவே சொன்னார்: அதற்கு இரண்டு வருடம் முன்னால்தான் கிழவர்களுக்குச் சர்க்கார் ஓய்வூதியம் வந்தது. எழுபது ஆனால் வாரம் ஐந்து ஷில்லிங். பிறந்த தேதிக்குத் தாள் வைத்திருந்தவர் யாருமில்லை. கரை முழுக்க எல்லாரும் ஒரே பத்து வருடத்தில் இருபது, முப்பது வயது ஏறிவிட்டார்கள்.

"அப்ப இது எங்க பார்ட்லிதான்," என்றாள் பாபீன். "ஏன் ஃபெஸ்டி, பொய்க்கார வீடு யாரு வீடு?"

ஃபெஸ்டி காதைச் சொறிந்தான். "எங்க தாத்தா பொய்யில வாரம் அஞ்சு ஷில்லிங் வந்துச்சு. உங்கம்மா சொன்னதுல என்ன வந்துச்சு?"

"பொறு, வருது. மாஸ்டர், அந்த வீட்டுல வேற யாரு?"

"மனைவி சீலியா. அப்புறம் வினிஃப்ரெட், வயசு ஆறு."

பாபீன் தராசைப் பிடித்துக்கொண்டாள். "எங்கம்மா ஓய்வூதியப் புஸ்தகத்துல அந்தப் பேருதான் இருந்துச்சு. தபால்காரர் 'வினிஃப்ரெட்'னு கூப்பிட்டா அம்மா ரெண்டு தடவை கழிச்சுத்தான் எந்திரிக்கும். எல்லாத்தையும் இங்கிலீஷ்ல எழுதற போலீஸ்காரங்களுக்கு ஊனான்னு எழுதக் கை வராது, வினிஃப்ரெட்னுதான் எழுதுவாங்க."

"ஆனா மகள்னு போட்டிருக்கே," என்றான் ஃபெஸ்டி. இந்த முறை அவன் கேலியாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னான். திரையில் அப்படித்தான் இருந்தது. மகள்.

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. பாபீன் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்: "ஓரத்தைப் படிங்க மாஸ்டர்."

"சீலியா. கல்யாணமாகி ஒன்பது வருஷம். பொறந்த புள்ளைங்க..." மாஸ்டர் நிறுத்தினார். "ஒண்ணுமில்ல. உசுரோட இருக்கறது, ஒண்ணுமில்ல."

பார்ட்லியின் அந்த வீடுதான் பிறகு ஊனாவின் வீடு, அதன் அடுப்படி எனக்குத் தெரியும், எத்தனையோ முறை அங்கே தேநீர் குடித்திருக்கிறேன். போலீஸ்காரர் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். இந்தக் குழந்தை யார் என்று கேட்டிருப்பார். பார்ட்லி வழக்கம்போல "என் மக" என்றிருப்பார். அதே மூச்சில் போலீஸ்காரர் சீலியா பக்கம் திரும்பி, நீ எத்தனை பெற்றாய் என்று கேட்டிருப்பார். அடுப்பைக் கிண்டப் போக அன்று சீலியாவுக்கு வழியில்லை. கணவர் தன் வயதைப் பற்றியும் மகளைப் பற்றியும் பொய் சொல்லட்டும், பெறாத பிள்ளையைப் பெற்றதாக அவளால் சொல்ல முடியவில்லை.

இனிஷ்தோரில் ஒரு தாய்க்கு ஒரு பிள்ளை குறைகிறது. நாக்பானில் பெறாத தாய்க்கு ஒரு மகள் இருக்கிறாள். நடுவில் ஒரு தோணித்துறை.

மாஸ்டர் அதோடு விடவில்லை. பத்து வருடம் முந்திய தீவுத் தாளையும் தேடி எடுத்தார். தொமாஸ், நோரா, மூத்த பையன் வயது இரண்டு, கைக்குழந்தை ஒன்று, அவர்களுக்குக் கீழே சீலியா, மனைவியின் தங்கை, கல்யாணமாகாதவள்.

"புஸ்தகத்துல அவரு பொய் எழுதல," என்றார் மாஸ்டர். "'வீட்டில்' நாங்கள் ஐந்து பையன்கள். வீட்டுல அஞ்சுதானே."

பாபீன் அதைக் கேட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். அவள் அம்மாவின் சிரிப்பு. கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள், ஃபெஸ்டி ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தான், அது மாவு துடைக்கிற துண்டு, முகமெல்லாம் மாவாகிவிட்டது. அதைப் பார்த்து நாங்களும் சிரித்தோம்.

விழா நாளில் அவளே விருந்தாளிகளைப் பேருந்தில் ஏற்றி வந்தாள். துறையில் நிறுத்தி, எழுந்து நின்று, தலைகளை எண்ணிய பிறகுதான் கதவைத் திறந்தாள். டப்ளினிலிருந்து வந்த பெரிய மனிதர்களும் கைகட்டி உட்கார்ந்து எண்ணப்பட்டார்கள். தீவில் மாஸ்டர் பிள்ளைகளின் பெயர்களைப் பிறந்த வரிசையில் வாசித்தார். நான்கு பையன்கள், ஊனா, கடைசிப் பையன். பிறகு, "ஊனாவின் மகள் திரையை இழுப்பார்," என்றார்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஃபெஸ்டியின் குரல் வந்தது: "எங்கண்ணன் பாபீன், அண்ணன் சௌக்கியமா?"

நாக்பான்காரர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். டப்ளின்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "இதோ பார்த்துச் சொல்றேன்," என்று பாபீன் திரையை இழுத்தாள். சட்டைப்பையிலிருந்து ஓர் அவித்த முட்டையை எடுத்துக் கல்லின் மேல் வைத்தாள். வைத்த கையை எடுப்பதற்குள் ஒரு கடற்பறவை வந்து முட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

"அண்ணன் சாப்பிட்டாச்சு," என்றாள்.

ஃபெஸ்டி தன் கடையின் பின்கதவைக் கீலிலிருந்து கழற்றித் தோணியில் ஏற்றி வந்திருந்தான். விசேஷ நாளில் கதவைத் தரையில் கிடத்தி அதன் மேல் ஆடுவது இந்தக் கரை வழக்கம். நல்ல ஓக் கதவு, அதை அதுவரை யாருக்கும் அவன் கொடுத்ததில்லை. துறையில் அதைக் கிடத்தியதும் பாபீன் அறுபது வயதில் அதன் மேல் ஏறி ஆடினாள். மெலோடியன் துருத்திப்பெட்டி வாசித்தவர் மூச்சு வாங்கி நிறுத்தும்வரை ஆடினாள். கோலின் அன்றைக்குரிய பத்து வார்த்தையில் ஒன்றைச் செலவழித்தான். "போதும்," என்றான். அவள் கேட்கவில்லை.

அடுத்த வாரம் கல் வெட்டுகிறவர் வந்தார். நானும் கூடப் போனேன். பாபீன் அந்தக் காலி இடத்தைக் கடைசி முறையாகத் தேய்த்தாள், அன்று தேய்க்கும்போது வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தாள். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், சாலையிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும், ஃபெஸ்டிக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது என்றாள். ஊனா கூலான் என்று வெட்டியிருக்கிறது. அதன் கீழே, 'பார்ட்லி கன்னீலியின் மகள்' என்றும் வெட்டச் சொன்னாள். அதுவும் பொய்யில்லையே என்றாள்.

பட்டப்பெயர் போகவில்லை. அவள் பேத்திகளையும் ஊரில் 'எங்கண்ணன்' என்றுதான் சொல்கிறோம்.

பாபீனுக்கு எழுபத்தைந்து முடிந்துவிட்டது. நாக்பானில் தோணித்துறைச் சாலையில் அதே வீட்டில் கோலினோடு இருக்கிறாள், கோழி வளர்க்கிறாள்.